போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு

என் பீரோவில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதற்குள் முப்பத்தேழு விமான டிக்கெட் கூப்பன்கள். பின்பக்கம் சிவப்புக் கார்பன் தடவிய பழைய காலத்துத் தாள்கள். தொட்டால் இன்றைக்கும் விரலில் சிவப்பு ஒட்டும். முப்பத்தேழும் திரும்பி வரும் பயணத்துக்கானவை. கோலாலம்பூரிலிருந்து சென்னை, சிங்கப்பூரிலிருந்து சென்னை, துபாயிலிருந்து சென்னை. ஒன்றில்கூட யாரும் ஏறவில்லை.

விருத்தாசலம் கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அறையில் 1987 முதல் 2009 வரை டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். நாங்கள் சப்-ஏஜென்ட்தான். டிக்கெட் எழுதுவது மெட்ராஸில். பாஸ்போர்ட்டும் பணமும் ராத்திரி பஸ்ஸில் போகும், மறுநாள் டிக்கெட் வரும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரை அனுப்பினேன் என்று எண்ணி வைக்கவில்லை. யார் யார் போக-வரச் சேர்த்துக் காசு கட்டிவிட்டுப் போக மட்டும் போனார்கள் என்பது ஏறக்குறைய நினைவில் இருக்கிறது.

அந்தப் பைக்குள் முதலில் வந்து சேர்ந்த கூப்பன் ஓர் ஆயாவினுடையது. 1996 ஐப்பசி, நல்ல மழை. கம்மாபுரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்திருந்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைக்குள் கூப்பன். மகன் சுற்றுலா விசாவில் மலேசியா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான், என்னிடம் கொடுத்தால் காசு வரும் என்று.

“தம்பி, வர்றதுக்கும் சேத்துத்தான் காசு கட்டுனோம்னு சொன்னான். எனக்குக் காசு வாணாம். இத வச்சிக்கிட்டு அவன வரவழைக்க முடியுமா?”

“ஆயா, டிக்கெட்டு இங்க இருக்கு, ஆளு அங்க இருக்காரே” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பணம் ஏதாவது வருமா பார்க்கிறேன் என்றேன். அவர் கூப்பனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வழக்கத்தின் பழங்கதையைத் தேடத் தொடங்கினேன். திரும்பி வரும் சீட்டு என்பது எப்போது, யாருக்காக உண்டானது? அது யாருடைய காவலுக்கு?

அன்றைய டிக்கெட் எப்படி இருந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு டிக்கெட் என்பது ஒரு சிறு புத்தகம். ஆடிட்டர் கூப்பன், ஏஜென்ட் கூப்பன், பிறகு ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கூப்பன், கடைசியில் பயணியின் கூப்பன். மேலே பேனாவை அழுத்தி எழுதினால் கார்பன் வழியாக அத்தனை தாளிலும் விழும். விமான நிலையத்தில் போகும் கூப்பனைக் கிழித்துக்கொள்வார்கள். வரும் கூப்பன் பயணியோடு போகும். பயணம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தேதி தெரியாவிட்டால் ‘ஓப்பன்’ என்று எழுதுவோம். ஆனால் சுற்றுலா விசாவில் போகிறவருக்கு ஓப்பன் என்று எழுதினால் கவுன்ட்டரிலேயே சந்தேகம் வரும் என்பதால், பதினான்காம் நாளோ இருபதாம் நாளோ ஒரு தேதி போட்டு ‘ஓகே’ என்று எழுதிக் கொடுப்போம். அந்தத் தேதியில் அவர் வரமாட்டார் என்பது எழுதுகிற எனக்கும் தெரியும், வாங்குகிற அவருக்கும் தெரியும்.

வரப்போவதில்லை என்றால் வரும் சீட்டு எதற்கு? மூன்று இடத்தில் அதைக் கேட்டார்கள். முதல் இடம் நம் ஊரிலேயே. படிப்புக் குறைந்தவருடைய பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அப்படிப்பட்டவர் வெறுமனே ஊர் பார்க்கப் போனாலும், அந்தக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் முத்திரை ஒன்று வேண்டும். அதை ‘சஸ்பென்ஷன்’ என்போம். அதற்குப் போக-வர டிக்கெட்டைக் காட்ட வேண்டும். 2007-இல்தான் அந்த முத்திரை ஒழிந்தது. இரண்டாவது இடம் விமானக் கம்பெனியின் கவுன்ட்டர். ஒரு நாட்டின் குடிநுழைவு அதிகாரி ஒருவரை உள்ளே விடாமல் திருப்பினால், அவரை ஏற்றி வந்த கம்பெனியே திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது உலக விமானப் போக்குவரத்தின் விதி. அந்தச் செலவு தங்கள் தலையில் விழாமல் இருக்க அவர்கள் முன்கூட்டியே வரும் சீட்டைக் கேட்டார்கள். மூன்றாவது இடம், இறங்குகிற நாட்டின் குடிநுழைவு மேசை. அங்கே சீட்டோடு, கைச்செலவுக்குப் பணம் உண்டு என்பதற்கு ‘ஷோ மணி’யும் காட்ட வேண்டும்.

மூன்று இடத்திலும் அந்தச் சீட்டு பயணியைக் காப்பாற்றவில்லை. அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் மற்றவருக்குச் செலவு வராமல் காப்பாற்றியது. அதற்கான காசைக் கட்டியவர் மட்டும் பயணி.

போய் இறங்கியபின் அந்தச் சீட்டைக் காசாக்கலாம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். இங்கேதான் அடி விழுந்தது. போக-வரக் கட்டணம் பதினான்காயிரம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பாதியைப் பயன்படுத்தவில்லை, ஏழாயிரம் திரும்பி வரும் என்று வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனியின் கணக்கு வேறு. நீ ஒருவழி போனாய், ஒருவழிக் கட்டணம் பத்தாயிரம், அதைக் கழித்துக்கொள்கிறேன் என்பார்கள். மிச்சம் நாலாயிரம். அதில் ரத்துக் கட்டணம், மெட்ராஸ் ஏஜென்ட்டின் பங்கு, எங்கள் பங்கு. கையில் வருவது இரண்டாயிரத்துச் சொச்சம், அதுவும் மூன்று நான்கு மாதம் கழித்து. சலுகைக் கட்டணத்தில் எழுதிய டிக்கெட்டாக இருந்தால் ஒன்றுமே வராது. ஐரோப்பா, அமெரிக்கா போன்ற தூரத் தடங்களில் போக-வரச் சலுகைக் கட்டணம் ஒருவழிக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருந்ததுண்டு. படிக்கப் போகும் பிள்ளைகள் அங்கிருந்து திரும்பும் எண்ணமே இல்லாமல் போக-வர வாங்கி, வரும் பாதியை வீசிவிடுவார்கள். அவர்களுக்கு அது லாபம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தண்டம்.

ஒன்றும் வராது என்று சொன்னபின் பலர் கூப்பனை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் பை அப்படித்தான் நிரம்பியது.

இனி பின்னோக்கிப் போகிறேன். திரும்பும் பயணம் என்பது ஒருகாலத்தில் கூலிக்காரனின் உரிமையாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதுவும் அடிமைத்தனத்துக்கு அடுத்தபடியான ஒப்பந்தக் கூலி முறையில்.

1860 நவம்பர் 16 அன்று ‘டிரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முதல் கப்பல் அது. அப்போதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னை மாகாணத்திலிருந்து. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் மாவட்டம் என்ற கட்டத்தில் தென்னார்க்காடு என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். கம்மாபுரமும் விருத்தாசலமும் சிதம்பரமும் கடலூரும் அந்தப் பழைய தென்னார்க்காட்டுக்குள் அடக்கம். 1993-இல் மாவட்டம் பிரியும்வரை எங்கள் முகவரியிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

ஐந்து வருட ஒப்பந்தம். அதன்பின் இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருந்தால், இலவசமாகக் கப்பலில் ஊருக்கு அனுப்பி வைப்பது காலனி அரசின் கடமை. அந்த உரிமையைக் கேட்டு முதலில் சென்னைக்குத் திரும்பியவர்கள் 1871 வாக்கில் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. கூலி கொடுக்காதது, அடித்தது, நோய் வந்தால் சம்பளத்தைப் பிடித்தது எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் 1872-இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. சீர்திருத்தம் செய்வதாக ஒத்துக்கொண்ட பிறகே, நின்றிருந்த கப்பலை 1874-இல் மறுபடியும் விட்டார்கள். திரும்பி வரமுடிந்த ஆள் வாயைத் திறப்பான், திரும்ப முடியாத ஆளின் வாய் அங்கேயே அடங்கிவிடும். தோட்ட முதலாளிகளும் இதைப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கொஞ்ச காலம், திரும்பும் பயணத்தை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாக நிலம் தருவதாகவும் சட்டம் இருந்தது. நிலம் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1891-இல் அந்தச் சட்டமும் போயிற்று. 1895-இல் எதிர்ப்பக்கமிருந்து ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஒன்று மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி. முதல் வருடக் கூலி மாதம் பத்து ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. மூன்று பவுண்டு என்றால் ஆறு மாதக் கூலி. பின்னால் மனைவிக்கும், பதினாறு வயது தாண்டிய மகனுக்கும், பதின்மூன்று தாண்டிய மகளுக்கும் அதே வரி. திரும்பும் சீட்டு உரிமையாக இருந்தது போய், விரட்டும் கோலாக மாறியது அன்றைக்குத்தான்.

அந்த வரியை ஒழிக்கத்தான் 1913-இல் காந்தியின் தலைமையில் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தி நடந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. எங்கள் சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் தில்லையாடி ரொம்பத் தூரமில்லை. அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், தில்லையாடி தகப்பனாரின் ஊர். பள்ளிப் பாடத்தில் வள்ளியம்மையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஒரு திரும்பும் சீட்டைச் சுற்றி நடந்த சண்டையிலும்தான் அந்தப் பெண் உயிரை விட்டாள் என்று ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1914-இல் வரி போயிற்று. ஆனால் வரியை நீக்கிய அதே சட்டம், அங்கே குடியிருக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் இலவசமாக இந்தியாவுக்கு அனுப்புவோம் என்றது. 1927-இல் கேப் டவுன் உடன்பாடு, போகிறவருக்கு ஆளுக்கு இருபது பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. வந்தவர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தாவின் ஊர் அவர்களுக்குப் பெயரளவில்தான் தெரியும். ஊருக்குப் போய் ஒட்ட முடியாமல் சென்னையிலும் கல்கத்தாவின் மட்டியாபுருஜிலும் குடிசை போட்டுக்கொண்டு, மறுபடி கப்பல் ஏற வழி உண்டா என்று அலைந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒருவழிச் சீட்டு.

இலங்கைக் கதையையும் மலாயாக் கதையையும் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றில் திரும்பும் சீட்டு என்ற பேச்சே குறைவு. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம்தான் ஆளைக் கட்டி வைத்த கயிறு. 1900-களின் தொடக்கத்தில் கூலியின் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். தோட்டத்தின் எண் அதில் இருக்கும். ரயிலிலும் கப்பலிலும் அதுவே டிக்கெட், கட்டணம் தோட்டத்தின் கணக்கில். தகரத்தில் போகும் வழி மட்டும்தான் எழுதியிருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில், கடலூர், சிதம்பரம், மாயவரம் தடத்திலே ஓடியது. சென்னையில் ஏறுகிறவர் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். அதே கடல் வழியில், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கி, அவர்களில் பலரைத் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலேற்றினார்கள். பல தலைமுறையாக மலையகத்தில் பிறந்தவர்களுக்கு அதைத் ‘திரும்புவது’ என்று பெயர் வைத்தார்கள்.

மலாயாவுக்கு எங்கள் குடும்பத்திலிருந்தே ஒருவர் போனார். என் தாத்தாவின் தம்பி. 1937-இல், கம்மாபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து ரயிலில் நாகப்பட்டினம். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த குடிநுழைவு நிதி ஒன்று 1907 முதல் இருந்தது. கூலியின் கப்பல் செலவை அது ஏற்கும். போவது இலவசம். சின்னத் தாத்தா ஏறியது ‘ரஜுலா’வில் என்று வீட்டில் சொல்வார்கள். 1926-இல் கட்டிய கப்பல் அது. 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ஒரு கப்பலின் பெயர்தான் என்பதே மறந்துபோய், “ரஜுலாவுல போனவரு” என்றால் அக்கரைக்குப் போனவர் என்று பொருள். சின்னத் தாத்தா போன மறுவருடம், 1938-இல், இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலிகள் போவதையே நிறுத்திவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவரா என்று எங்களுக்குத் தெரியாது. போருக்குப் பின் கடிதம் இல்லை. என் தாத்தா சாகும்வரை, “அவன் வர்றதுக்குன்னு ஒரு சீட்டும் குடுத்து உட்டிருந்தா வந்திருப்பான்” என்பார்.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது மலாயாவில் வேறொன்றும் நடந்தது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் ரப்பர் விலை விழுந்ததும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கூலிகளை அரசே இலவசமாகத் திருப்பி அனுப்பியது. விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். திரும்பும் பயணத்தைக் கொடுப்பவர் தம் வசதிக்குக் கொடுத்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு இந்தக் கதை போதும்.

1953-இல் மலாயாவும் சிங்கப்பூரும் குடிநுழைவை இறுக்கின. அதுவரை கப்பலேறினால் இறங்கிவிடலாம். அதன்பின் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். ரஜுலாவுக்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. எண்பதுகளின் நடுவில், ஒரு தீ விபத்துக்குப் பின், அதுவும் நின்றது. கப்பல் காலம் அத்தோடு முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் விமானமாகிவிட்டது.

அப்போது எங்கள் பக்கத்தில் வெளிநாடு போக மூன்று வழி. ‘கம்பெனி விசா’ என்றால் ஒப்பந்தம் உண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையும் வந்துபோக டிக்கெட்டும் முதலாளி தருவார். அவர்களுக்கு நான் ஒருவழி டிக்கெட்தான் போடுவேன், அது நேர்மையான ஒருவழி. ‘ஆசாத் விசா’ என்றால் காகிதத்தில் ஒரு முதலாளி, வேலை வேறெங்கோ. ‘விசிட்’ என்றால் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்வது. போக-வர டிக்கெட் வாங்கிப் போக மட்டும் போனவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை. உண்மையிலேயே போய் வந்து, இரண்டு கூப்பனையும் கிழித்தவர்கள் ‘குருவி’கள். சிங்கப்பூருக்குப் போய்ச் சரக்கோடு நாலாம் நாள் திரும்புகிறவர்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல.

யார் போனார்கள்? நிலத்தை இழந்தவர்கள் போனார்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் சுரங்கம் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலம் போன வீடுகளில் ஒருவனுக்கு வேலை கிடைத்தால் இன்னொருவனுக்கு இல்லை. இழப்பீட்டுப் பணம் கையில் இருக்கும்போதே அண்ணன் தம்பிகளில் ஒருவன் என் கடைப் படி ஏறுவான். “அண்ணே, டூரிஸ்டுல போறேன், போக-வரப் போட்டுக் குடுங்க” என்பான். வரும் டிக்கெட்டின் காசை ஊரில் வட்டிக்கு எடுப்பார்கள். பயன்படாத பாதி டிக்கெட்டுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி. விசா வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் ஒருவர், இறங்கியதும் கூப்பனைத் தம் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் பலரிடம் வாங்கி, திரும்ப வந்த பணத்தையும் தாமே வைத்துக்கொண்டார். அது தெரிந்தும் நான் சத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

போனவர்கள் திரும்பியது வேறு வழியில். விசா தேதி முடிந்து, பாஸ்போர்ட் முதலாளியிடமோ ஏஜென்ட்டிடமோ சிக்கி, தூதரகத்தில் ‘அவுட்பாஸ்’ என்ற தற்காலிகப் பயணத் தாள் வாங்கி வருவார்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 1996-இல் ஒன்று, 2003-இல் ஒன்று, 2007-இல் ஒன்று. மலேசியாவில் 2002-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. அந்த 2019 மன்னிப்பில் எழுநூறு ரிங்கிட் அபராதமும், ஏழு நாளுக்குள் நாட்டை விட்டுப் போவதற்கான டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆக, வரும் சீட்டுக்கு ஒருமுறை ஊரில் காசு கட்டிப் போனவன், அதை இழந்துவிட்டு, அங்கே மறுபடி ஒருவழிச் சீட்டுக்குக் காசு கட்டுவான். மன்னிப்பு அறிவித்த வாரத்தில் விலை ஏறிக் கிடக்கும். எங்கள் ஊரிலிருந்து தாலியை அடகு வைத்து அனுப்பிய பணம் அந்த டிக்கெட்டுகளுக்குப் போயிருக்கிறது.

2008 ஜூன் முதல் தேதியோடு உலகம் முழுவதும் காகித டிக்கெட் நின்றது. கார்பன் சிவப்பும் போயிற்று. அதே காலத்தில் திருச்சியிலிருந்து குறைந்த கட்டண விமானங்கள் பறக்கத் தொடங்கின. அவர்களிடம் ஒருவழி விலை வேறு, திரும்பும் விலை வேறு. இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம். போகும் கட்டணம் சில ஆயிரம் என்று இறங்கியதும், வரும் டிக்கெட் முன்புபோல் பெரிய தண்டமாக இல்லை. ஆனால் அதைத் திருப்பிக் கொடுத்தால் காசும் கிடையாது. பிறகு ‘டம்மி டிக்கெட்’ வந்தது. பணம் கட்டாமல் இரண்டு நாளைக்கு இடம் பிடித்து வைத்த ஒரு தாளை அச்செடுத்துக் கொடுப்பது. நானும் கடைசி வருடத்தில் கொடுத்திருக்கிறேன். கவுன்ட்டரில் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்து, இடம் ரத்தாகியிருப்பதைக் கண்டு, விமானம் புறப்படும் நேரத்தில், நான் கொடுத்த தாளோடு போன ஒருவனைத் திருப்பி அனுப்பினார்கள். அவன் வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அந்தத் தொழிலை விட்டேன்.

நான் விட்டாலும் வழக்கம் விடவில்லை. 2022-இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி, அக்டோபரில் மீட்டுத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பதின்மூன்று பேரைப் பற்றிச் செய்தி படித்திருப்பீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள், எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டார்கள். 2023-இல் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியருக்கு விசாவே வேண்டாம் என்று திறந்துவிட்டன. வரும் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார்கள். விசா இருந்த காலத்தில் யாராவது ஒருவர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். விசா போனபின் கேட்பதற்கு மிஞ்சியது பெரும்பாலும் அந்த டிக்கெட்தான், அதைக் கேட்பதும் பயணிக்காக அல்ல.

திரும்பும் பயணம் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவன் தலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட ஆள் எடுத்த வெள்ளைக்காரக் காலனிக்கே 1860-இல் அந்தக் கடமை இருந்தது. இன்றைய சட்டத்திலும் அதன் சாயல் உண்டு. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் அரசிடம் வைக்கும் வங்கி உத்தரவாதத்திலிருந்து, ஏமாற்றப்பட்டவரை ஊருக்குக் கொண்டுவரும் செலவை எடுக்கலாம். 2009 முதல் இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. அநாதரவாய்ச் சிக்கியவருக்கு அதிலிருந்து விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். பதிவு பெற்ற வழியில் போகிறவருக்கு அரசுக் காப்பீடும் உண்டு. ‘விசிட்’டில் போகிறவனுக்கு முகவர் யாரென்றே பதிவு இல்லாததால் முதல் கதவு அடைபடுகிறது. சமூக நல நிதி என்ற இரண்டாவது கதவு இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் கம்மாபுரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகச் சுவரில் உரத்துக்கும் வீட்டுக்கும் மானியம் எழுதி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்தால் ஒரு வாளிச் சுண்ணாம்பும் கொஞ்சம் நீலமும்தான் செலவு.

அந்த ஆயாவின் மகன் 2002 மன்னிப்பில் அவுட்பாஸில் வந்தான். ஆறு வருடம். அவனை அழைத்துக்கொண்டு ஆயாவே என் கடைக்கு வந்தார். கூப்பன் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மகனிடம் காட்டினார், அவன் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றான். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்து, “ஊட்டுல வாணாம் தம்பி, ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

தென்னார்க்காட்டிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களின் பெயரும் ஊரும் அங்கே பட்டியலாக இருக்கின்றன. இங்கே, போனவர்கள் வீட்டில், பெரும்பாலும் ஒரு தாள்கூட எடுத்து வைக்கப்படவில்லை. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கப்பல் சீட்டோ, கங்காணி எழுதிய துண்டுச் சீட்டோ, முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டோ, கிழிக்காத கூப்பனோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் போனது, எந்த வருடம், திரும்பினாரா இல்லையா என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி, உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். என் மஞ்சள் பையைக் கம்மாபுரம் நூலகத்துக்கு எழுதி வைத்துவிட்டேன்.